கடைமடைக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு?

ஓசூருக்குப் பக்கத்திலிருக்கும் தொரப்பள்ளியில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விஞ்ஞானம் பேசினாலும் அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. 1878-ல் இந்த ஊரில் பிறந்த ராஜாஜி, வக்கீல் தொழில், சிறை, முதலமைச்சர் பதவி, கவர்னர் ஜெனரல் பதவி எல்லாவற்றுக்கும் நடுவே ‘திண்ணை ரசாயனம்’ என்றொரு புத்தகமும் எழுதியவர். சாதாரண மனிதனுக்குத் தமிழில் வேதியியல் சொல்லிக்கொடுக்க நினைத்தவர். அவர் பிறந்த வீடு இன்று அரசு நினைவில்லம். அந்தத் தைரியத்தில்தான், ஓசூர் சிப்காட்டில் மின் பராமரிப்பிலும் பிற்பாடு நெட்வொர்க் கேபிள் வேலையிலும் காலம் தள்ளிய நான், கேபிளைப் பற்றி நாலு வார்த்தை எழுதத் துணிகிறேன். நடுநடுவே மனிதர்களைப் பற்றியும் பேச்சு வரும். வயதானவன் எதைத் தொட்டாலும் அங்கேதான் போவான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். கம்பியின் ஒரு முனையில் சிக்னலை விட்டால் மறுமுனைக்கு அது முழுசாகப் போய்ச் சேராது. வழியில் கொஞ்சம் சூடாகக் கரையும், கொஞ்சம் உறையில் மறையும், கொஞ்சம் பக்கத்துக் கம்பிக்குத் தாவும். கெலவரப்பள்ளி அணை வாய்க்காலை நம்பிப் பயிர் வைத்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. மதகில் எவ்வளவு திறந்தார்கள் என்பது அதிகாரிகளின் கணக்கு. கடைமடை வயலில் கால் நனைகிறதா என்பதுதான் விவசாயியின் கணக்கு. கேபிள் வேலையில் நான் பழகியதெல்லாம் இந்த இரண்டாவது கணக்கு மட்டுமே.

ஆபீஸ்களிலும் ஆலைகளிலும் ஓடும் சாதாரண கேட்-5இ கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை. சுவருக்குள்ளும் கூரையிலும் நிரந்தரமாக ஓடுவது 90 மீட்டர், இரு பக்கமும் சொருகும் பேட்ச் கார்டுகளுக்கு 10 மீட்டர். அந்தத் தூரத்துக்குள் 100 மெகாஹெர்ட்ஸில் 24 டெசிபல் வரை இழக்கலாம் என்று தரவிதி சொல்கிறது. டெசிபல் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது. 3 டெசிபல் போனால் பாதி மிச்சம். 10 போனால் பத்தில் ஒன்று, 20 போனால் நூறில் ஒன்று. 24 போனால் அனுப்பியதில் 250-ல் ஒரு பங்குதான் கடைமடைக்கு வரும். கேட்-6ஏ கேபிளில், அதன் மேல் எல்லையான 500 மெகாஹெர்ட்ஸில், வந்து சேர்வது ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு. அந்தத் துளியிலிருந்தே மறுமுனையின் நெட்வொர்க் கார்டு செய்தியைப் பிழையில்லாமல் எடுத்துவிடுகிறது. விதியை எழுதியவர்கள் இழப்பே கூடாது என்று அடம்பிடிக்கவில்லை. இவ்வளவு போகும் என்று முதலிலேயே கணக்கில் எழுதிவிட்டு, மிச்சத்தை வைத்துக் குடும்பம் நடத்த வழி பார்த்தார்கள். சம்பளம் வந்த முதல் தேதியிலேயே மருந்துச் செலவை எடுத்து வைக்கும் பெண்கள் எத்தனையோ வீட்டில் உண்டு. இந்த விதியை அவர்களிடம் காட்டினால் இதில் என்ன அதிசயம் என்றுதான் கேட்பார்கள்.

இழப்பிலும் ஒரு பாரபட்சம் இருக்கிறது. அதிர்வெண் கூடக் கூட இழப்பும் கூடும். வேகமாக மாறும் மின்னோட்டம் கம்பியின் நடுவை விட்டுவிட்டு மேல் தோலோடு ஒட்டி ஓடும். ஓட இடம் குறைகிறது, தடை ஏறுகிறது. அதனால் சதுரமாக, கூர்மையான ஓரங்களோடு புறப்பட்ட துடிப்பு மறுமுனையில் மொழுக்கென்று தேய்ந்து வந்து விழும். மொத்தம் வரும், நுணுக்கம் வராது.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இதைத் தினமும் பார்க்கிறேன். “சாப்பிட்டியா?” என்ற கேள்வி கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிடும். அதைக் கேட்ட குரலில் இருந்த குழைவு சேராது. அங்கிருந்து “சரிப்பா” என்று ஒற்றை வார்த்தை வாட்ஸ்அப்பில் வரும். இங்கே அம்மா அதை நாலு தரம் படித்துவிட்டு, பையன் கோபமாக இருக்கிறான் என்று ராத்திரி தூங்கமாட்டாள். அவன் ஏதோ மீட்டிங்கில் மேஜைக்கு அடியில் போனை வைத்துத் தட்டியிருப்பான். தூரத்தில் முதலில் தொலைவது நுணுக்கம்தான் என்று தெரிந்தவர்கள், நுணுக்கம் தேவைப்படும் பேச்சைத் தூரத்துக்கு அனுப்புவதில்லை. பாகப்பிரிவினையைப் போனில் பேசாதீர்கள். தங்கைக்கு எவ்வளவு செய்வது என்பதைப் போனில் பேசாதீர்கள். டிக்கெட் எடுத்து வரச் சொல்லுங்கள், அல்லது நீங்கள் போங்கள். விமானக் கட்டணம் அதிகம்தான். அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போனால் ஆகும் செலவை அதோடு வைத்துப் பாருங்கள்.

சரி, தேய்ந்து வருகிறதே, இன்னும் பலமாக அனுப்பினால் என்ன என்று தோன்றும். மின்சாரத்துக்கு அந்த உபாயம் பலித்திருக்கிறது, அதுவும் நம் எல்லைக்குப் பக்கத்திலேயே. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு 147 கிலோமீட்டர் மின்கம்பி இழுத்தார்கள். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தூரம். அழுத்தத்தைச் சுமார் 30,000 வோல்ட்டுக்கு ஏற்றி அனுப்பியதால் கம்பியில் ஓடும் ஆம்பியர் குறைந்தது, சூடாகக் கரைவதும் குறைந்தது. சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது.

செய்திக்கு அது பலிக்கவில்லை. 1858 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் அயர்லாந்தையும் நியூஃபவுண்ட்லாந்தையும் இணைத்து முதல் தந்திக் கேபிளைப் போட்டு முடித்தார்கள். விக்டோரியா மகாராணி அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய வாழ்த்து நூறு வார்த்தைகூட இல்லை. அது போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது. துடிப்புகள் ஒன்றின் வால் இன்னொன்றின் தலையில் ஏறி, எது புள்ளி எது கோடு என்று தெரியாமல் குழம்பி வந்தன. கேபிளின் மின் பொறுப்பில் இருந்தவர் வைல்ட்மேன் ஒயிட்ஹவுஸ். படிப்பால் அறுவை மருத்துவர். செய்தி மெலிந்து வருகிறதென்றால் அழுத்தத்தைக் கூட்டு என்பது அவர் கட்சி. ஏறத்தாழ 2,000 வோல்ட் வரை கொடுத்துப் பார்த்தார். ஏற்கனவே பலவீனமாக இருந்த உறை அதைத் தாங்கவில்லை. சில வாரங்களில் கேபிள் ஊமையாகிவிட்டது. செவிடன் காதில் சங்கு ஊதுவதாக நினைத்து இன்னும் ஓங்கி ஊதினார், சங்கே உடைந்துவிட்டது.

அவரோடு ஒத்துப்போகாத ஒருவர் அதே வேலையில் இருந்தார். வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. அவர் அனுப்பும் முனையை விட்டுவிட்டுப் பெறும் முனைக்குப் போய் உட்கார்ந்தார். பட்டு நூலில் சின்னஞ்சிறு கண்ணாடி ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் முதுகில் துளிக் காந்தத்தை ஒட்டி, அதன்மேல் விளக்கொளியைப் பாய்ச்சினார். கேபிளில் வரும் ஈனமான மின்னோட்டத்துக்குக்கூடக் கண்ணாடி இம்மி திரும்பும். எதிர்ச் சுவரில் விழும் ஒளிப்புள்ளியோ விரற்கடைக் கணக்கில் நகரும். அதைப் பார்த்து எழுத்தைப் படிக்கலாம். அந்தக் கேபிள் உயிரோடிருந்த சொற்ப நாட்களில் போன உருப்படியான செய்திகள் அந்தக் கண்ணாடியால்தான் போயின. அதில் ஒன்று நம் நாட்டோடு சம்பந்தப்பட்டது. 1857 கிளர்ச்சிக்காகக் கனடாவிலிருந்து புறப்பட இருந்த ஆங்கிலேயப் பட்டாளத்துக்கு, இனி வர வேண்டாம் என்று போன உத்தரவு. கப்பல் செலவு பல்லாயிரம் பவுண்ட் மிச்சம் என்று மகிழ்ந்தார்கள். நமக்கு அதில் மகிழ ஒன்றுமில்லை. ஆனால் கண்ணாடி செய்த வேலையைக் குறை சொல்ல முடியாது.

ஆலைகளில் ஒயிட்ஹவுஸ்களுக்குப் பஞ்சமே கிடையாது. பிரஸ் மெஷின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தியே தொண்டை கட்டிய ஃபோர்மேன்களைப் பார்த்திருக்கிறேன். சொன்னது ஆப்பரேட்டருக்கு ஏறவில்லை என்றால் இன்னும் கத்துவார்கள். தாம்சன்களும் இருந்தார்கள், குறைவுதான். மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் போய், “என்ன புரிஞ்சுதுன்னு நீ சொல்லு தம்பி” என்று கேட்பார்கள். அவர்கள் லைனில் ரிஜெக்ஷன் குறைவாக இருந்ததற்கு வேறு காரணம் எதுவும் நான் தேடவில்லை. இன்றைய வேகமான நெட்வொர்க் கார்டுகளும் தாம்சன் வழிதான். ஜிகாபிட் இணைப்பு உயிர் பெற்றதும் தகவலை அனுப்பிவிடாது. இருபுறமும் தெரிந்த ஒரு வரிசையை முதலில் மாற்றி மாற்றி அனுப்பி, இந்தக் கேபிள் எதை எப்படிக் கோணலாக்குகிறது என்று கற்றுக்கொண்டு, பிறகுதான் பேச்சைத் தொடங்கும். வருகிற கோணலைக் கழித்துவிட்டுப் படிக்கும். பெற்றவள் பையனின் ஒரு “ம்”மை வைத்தே காய்ச்சலைக் கண்டுபிடிப்பதும் இதே முறைதான். இருபது வருஷம் அவன் குரலைக் கேட்டுக் கற்றவள்.

கேட்-5இ கேபிளின் உறையை உரித்தால் உள்ளே ஒன்றோடொன்று முறுக்கிய கம்பிகளாக நான்கு ஜோடிகள். ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன். ஒவ்வொன்றுக்கும் வெள்ளையில் அதே நிறக் கோடு போட்ட துணை. ஒரு கம்பி செய்தியை நேராகச் சுமக்கும், மற்றது தலைகீழாகச் சுமக்கும். வெல்டிங் மெஷினோ மோட்டாரோ கிளப்பும் இரைச்சல் இரண்டின் மேலும் ஒரே அளவில் விழும். பெறும் முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் இரைச்சல் கழிந்துவிடும். அதற்குத்தான் அந்த முறுக்கு. இதை வைத்துத் தாம்பத்தியத்துக்கு உவமை சொல்லாத எலக்ட்ரீஷியன் சிப்காட்டில் கிடையாது, ஆகவே நான் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டியது முனையைப் பற்றி. ஜாக்கில் கோக்கும்போது முறுக்கைப் பிரித்துத்தான் ஆக வேண்டும், ஆனால் 13 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. அவசரக்காரன் தன் வசதிக்காக விரல் நீளம் பிரித்துவிடுவான். 90 மீட்டர் பதவிசாக இழுத்த கேபிள் அந்த விரல் நீளத்தில் கெடும். மாதக்கணக்கில் பேசி முடித்த சம்பந்தம், வாசலில் செருப்பு மாட்டும்போது யாரோ விட்ட ஒரு வார்த்தையில் முறிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். லைன் கடைசியில் பாகங்களைக் கேமராவால் சோதிக்கும் மெஷின். காலையில் கடிகாரம் மாதிரி ஓடும். மதியம் இரண்டு மணிக்கு மேல் படம் தடுமாறும், இணைப்பு ஜிகாபிட்டிலிருந்து 100 மெகாபிட்டுக்கு இறங்கும், சில சமயம் அறுந்தே போகும். மதிய ஷிஃப்டில் இருந்தது ஒடிசாப் பையன் ஒருவன். மெஷினை அவன்தான் நோண்டுகிறான் என்று முடிவு கட்டி மெமோவும் கொடுத்திருந்தார்கள். எங்களை அழைத்தது அதற்கப்புறம்.

கேபிள் போன வழியே நடந்து பார்த்தோம். தகரக் கூரைக்கு ஒட்டினாற்போல் இரும்புச் சட்டத்தின் மேல் ஓடியிருந்தது. நேராக அளந்தால் 100 மீட்டருக்குள்தான். மிச்சக் கேபிளை வெட்ட மனமில்லாமல் மேலேயே சுருளாகக் கட்டிவைத்திருந்தார்கள், அதையும் சேர்த்தால் எல்லை தாண்டுகிறது. ஏப்ரல் மாதம் மதியம் அந்தக் கூரைக்கடியில் கையை வைக்க முடியாது. செம்புக் கம்பியில் சூடு ஏற ஏற இழப்பும் ஏறும். 20 டிகிரியில் இருக்கும் இழப்பு 60 டிகிரியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். இதெல்லாம் போதாதென்று, என்னோடு வந்த பையன் முனையில் ஒரு கம்பியை எடுத்து பிளேடால் சுரண்டினான். மேலே செம்பு நிறம். இரண்டு சுரண்டலில் உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துவது செம்பில் சுமார் 60 சதவீதம்தான். பெட்டியின் மேல் கேட்-6 என்று அச்சடித்திருந்தது. தரவிதி கேட்பது முழுச் செம்பை. விலை குறைவு என்று வாங்கியவருக்குப் பெட்டியைப் படிக்கத் தெரிந்தது, கம்பியைச் சுரண்டத் தெரியவில்லை.

நல்ல செம்புக் கேபிளாக மாற்றி, சுவரோரமாகக் கீழே இறக்கி, பாதி வழியில் ஸ்டோர் ரூமுக்குள் ஒரு ஸ்விட்ச் வைத்தோம். மதியமும் ஓடியது. மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்களா என்று கேட்டேன். பையனை வேறு லைனுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். வழியில் எங்கே கசிந்தாலும் பழி கடைமடையில் நிற்பவன் தலையில்தான் விழுகிறது. அங்கே நிற்பவன் பெரும்பாலும் எதிர்த்துப் பேச முடியாதவனாக இருப்பான்.

பாதி வழியில் வைத்த அந்த ஸ்விட்சைப் பற்றி ஒரு வார்த்தை. தூரத்தைச் சமாளிக்க நடுவில் ஆள் வைப்பது பழைய வழி. அந்த ஆளில் இரண்டு ரகம். ஒருவன் வந்ததை அப்படியே பெரிதாக்கி அனுப்புவான். சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். அது ஆம்ப்ளிஃபையர். இன்னொருவன் வந்ததை முதலில் படித்து, இது ஒன்று, இது பூஜ்யம் என்று தீர்மானித்து, புதிதாகச் சுத்தமாக எழுதி அனுப்புவான். ஸ்விட்ச் இந்த ரகம். உறவுக்குள் தூது போகிறவர்களில் முதல் ரகம்தான் அதிகம். அத்தை சொன்னதை ஒன்றுக்குப் பத்தாக்கிச் சித்தியிடம் சேர்ப்பார்கள், பொய் எதுவும் சொல்லவில்லை என்று சத்தியமும் செய்வார்கள். ஓசூரில் ஷிஃப்ட் மாறும்போது கவனித்தால் தெரியும். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா என்று ஒரே லைனில் ஐந்து பாஷை நிற்கிறது. வாய்வார்த்தையாகப் போனது மூன்றாம் ஷிஃப்டுக்குள் வேறொன்றாகிவிடும். ரயில்வேக்காரர்கள் கெட்டிக்காரர்கள். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் வண்டி வரலாம் என்று வெறுமனே சொன்னால் ஏற்கமாட்டார்கள். பிரைவேட் நம்பர் என்று ஓர் எண்ணைச் சொல்லி, இருபுறமும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சொன்னதை இருபுறமும் எழுதி வைக்கும் அந்தப் பழக்கத்தை ஷிஃப்ட் லாக் புத்தகத்தில் கொண்டுவந்த சூப்பர்வைசர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் எழுத்து கோழிக் கிறுக்கல்தான், ஆனால் அவர் லைனில் தகராறு கிடையாது.

கண்ணாடி இழை வந்த பிறகு இந்தக் கதையே மாறிவிட்டது. 1966-ல் சார்லஸ் காவ், கண்ணாடியிலிருக்கும் அழுக்கைப் போக்கினால் ஒரு கிலோமீட்டருக்கு 20 டெசிபல் இழப்போடு ஒளியைக் கடத்தலாம் என்றார். நாலே வருஷத்தில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அதைச் செய்து காட்டியது. காவுக்கு நோபல் பரிசு 2009-ல்தான் வந்தது. இன்று நல்ல இழையில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல்தான் போகிறது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 50 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் போயும் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். செம்பில் ஒரு ஷெட்டுக்குள் 100 மீட்டர் போவதற்குள் 250-ல் ஒரு பங்கு ஆனதை நினைத்துப் பாருங்கள். 2020-ல் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டதும், தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழையைக் கொண்டுபோகும் வேலையை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் எடுத்துக்கொண்டதும் இந்தக் கண்ணாடியை நம்பித்தான்.

ஆனாலும் இழைக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. சோதிப்பதற்காகச் சிவப்பு லேசரை ஒரு முனையில் விட்டுப் பாருங்கள். இழை தாராளமாக வளைந்து போகும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. விரலில் மோதிரம் போலச் சுற்றினால், சுற்றிய இடத்தில் உறையைத் தாண்டிச் சிவப்பு ஒழுகும். இழை உடையவில்லை, வெளிச்சம்தான் வழியிலேயே இறங்கிவிட்டது. அப்புறம் தூசி. ஒளி ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். ஜாக்கின் முகத்தில் சட்டை நூல் துகள் ஒன்று ஒட்டினாலும் போச்சு.

இதையெல்லாம்விட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. 80 கிலோமீட்டர் ஓடுவதற்கென்று செய்த, ஒளியை அனுப்பும் மாட்யூலை ஒரே ரேக்குக்குள், இரண்டு மீட்டர் இழையில் சொருகினால் இணைப்பு வராது. ஒளி பலமாக விழுந்து பெறும் முனை திணறும், பழுதாகியும் போகும். அதற்கு அட்டெனுவேட்டர் என்று ஒரு சின்ன அடைப்பானைச் சொருகி ஒளியை வேண்டுமென்றே குறைப்போம். ஆலையில் நாள் முழுக்கக் கத்திப் பழகிய ஆண்கள் ரிட்டையர் ஆனதும் அந்தக் குரலை அப்படியே சமையல்கட்டு வரை கொண்டுவருகிறார்கள். காபி கேட்பதற்கு எதற்கு 80 கிலோமீட்டர் மாட்யூல்? மருமகள் பதில் பேசாமல் போனால் திமிர் என்கிறார்கள். பேசியது மிகப் பலமாகப் போய் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்தப் பக்கம் புதுப்புது ஷெட்டுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. கேபிள் வேலை கொடுக்கும் முதலாளிகளுக்கும் மேனேஜர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள், கம்பியைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். கூரைக்கடியில் போகிற கேபிளை வெயில் காலத்து மதியத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு லைனுக்கும் கடைசி முனையில் எடுத்த டெஸ்ட் ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகே பில்லில் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு முன்னால் அந்த முனையில் நிற்கும் பையனுக்கு மெமோ கொடுக்காதீர்கள்.